குறையாத தண்ணீர்

"அம்மா, யானை தினமும் ஒண்ணுக்குப் போகுது. ஆனா அதோட வயித்துல தண்ணி மட்டும் ஏன் குறையவே மாட்டேங்குது?"

குட்டி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தாள். யானை என்று அவள் சொன்னது தெருவோரம் நின்ற அம்மாவின் பழைய வண்டியை. உயரமான, முதுகு அகன்ற, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் ஒருமுறை முழுசாகச் சுற்றி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தது. குழந்தையைப் போல அதற்கும் இப்போதுதான் வயது ஏறிக்கொண்டிருக்கிறது என்று அப்பா கேலி செய்வார்.

அம்மா நர்ஸ். பிரசவம் பார்ப்பதுதான் முக்கிய வேலை. பஸ் மலையடிவாரத்தோடு திரும்பிவிடும். அதற்கு மேலே இருக்கிற வீடுகளுக்குப் போக இந்த யானையை விட்டால் வேறு கதியில்லை. ஆகவே வண்டியின் வைத்தியமும் அவளே பார்த்தாள். ஆயில் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் தெருவிலேயே, முழங்காலுக்குக் கீழே பழைய சாக்கை விரித்துக்கொண்டு. "மனுஷ உடம்புக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம்தான். இது பொய் சொல்லாது" என்பாள்.

குட்டியின் கேள்வி அவளை நிறுத்தியது. ஏனென்றால் அதே கேள்வி ஒரு வாரமாக அவள் மனசிலும் இருந்தது.

வண்டிக்கு அடியில் காலையில் ஒரு ஈரத்திட்டு. முதலில் அதை அவள் பொருட்படுத்தவில்லை. பிறகு ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் விரித்து வைத்தாள், அட்டையிலும் ஈரம். இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீரோ என்று பானெட்டைத் திறந்து பார்த்தால், ரேடியேட்டர் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் குடுவையில் மட்டம் இம்மியும் இறங்கவில்லை. மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தாள். மறுநாள் பார்த்தாள். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. ஒருநாள் கோட்டுக்கு மேலேயே நின்றது.

"ஒழுகவும் செய்யுது, குறையவும் மாட்டேங்குது" என்றாள் கணவரிடம்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். யாரோ ஒருவருடைய லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் நம்ம வீட்டுக்கும் வந்துடுச்சுன்னு சந்தோஷப்படேன். அப்படியே என் கல்லாவையும் ஒரு தடவை அதுக்குள்ள முக்கி எடுத்துக் கொடு."

"விளையாட்டு இல்லைங்க. திங்கட்கிழமை மேல போகணும். அந்தப் பொண்ணுக்கு இது தலைப்பிரசவம். வண்டி பாதி மலையில கொதிச்சு நின்னுட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். அவருக்கும் அது விளையாட்டு இல்லை.

மட்டம் குறையாததால் அவள் தப்பான திசையில் தேடினாள். வண்டியின் முன்கண்ணாடி துடைக்கிற தண்ணீர்க் குழாயைக் கழற்றிப் பார்த்தாள். மழைநீர் எங்கேனும் தகரத்துக்குள் தேங்கி வடிகிறதா என்று ஒவ்வொரு சந்திலும் விரலை விட்டுப் பார்த்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தது.

அன்றைக்குத்தான் குட்டி வாசற்படியிலிருந்து கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள்: "நான் தண்ணி குடிச்சாத்தான் எனக்கு வரும். யானை எப்பம்மா குடிக்குது?"

நர்ஸ் உள்ளே போய் ஒரு சிரிஞ்சை எடுத்து வந்தாள்; ஊசியில்லாதது. குடுவையிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். சில மாதங்களுக்கு முன் அவளே ஊற்றிய கூலன்ட் கிளிப்பச்சையாக இருந்தது; கேனில் மிச்சம் இருந்தது இப்போதும் அப்படியே இருக்கிறது. சிரிஞ்சில் வந்ததோ வெள்ளரிக்காய் உள்சதை மாதிரி வெளுத்திருந்தது.

யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

முதலில் கணவரைத்தான் கேட்டாள்.

"நானா? நம்ம சமையலறைக் குழாய் சொட்டுதுன்னு நீ சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. அதைத் தொட்டேனா? அந்த மாதிரி பழியெல்லாம் என்மேல போடாத."

வேறு யார் என்று யோசித்தபோது அவளுக்கு ஒரு சத்தம் நினைவுக்கு வந்தது. விடிவதற்குச் சற்று முன் தெருவில் ஒரு சைக்கிள் போகும். எண்ணெய் காணாத சங்கிலி கிரீச் கிரீச் என்று கத்தும். பல வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம். சில நாளாக அது அவள் வீட்டு முன்னால் வந்ததும் நின்றுவிடுகிறது. கொஞ்சநேரம் கழித்து மறுபடி கிரீச்சிட்டுக்கொண்டு போகிறது. பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டிருக்கிறாள், எதுவும் நினைத்ததில்லை.

அது பக்கத்து வீட்டு பஸ் டிரைவரின் சைக்கிள். முதல் டிரிப் எடுக்க டிப்போவுக்குப் போகிற நேரம் அது.

அவரும் அவளும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு மாதமாகிறது. முன்பெல்லாம் அவர் அவளைத் தங்கச்சி என்பார். ஒரு மாலை அவள் மலையிலிருந்து வாடிப்போய் இறங்கினாள். அன்று மேலே பிறந்த ஒரு குழந்தை தங்கவில்லை. அது தெரியாமல் அவர், "இந்தக் கிழவண்டிக்கு டீசல் ஊத்துறதும் விழலுக்கு நீர் பாய்ச்சுறதும் ஒண்ணுதான், பேசாம வித்துடு தங்கச்சி" என்று சொல்லிவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. "இனிமே என் வண்டியைப் பத்தி நீங்க வாயே திறக்க வேண்டாம்" என்றாள், தெருவே கேட்கும்படி. அவர் தலையை ஆட்டினார். "சரி. திறக்கல" என்று உள்ளே போனார். திறக்கவேயில்லை.

மறுநாள் விடியலில் அவள் ஜன்னல் ஓரம் நின்றாள். கிரீச் என்ற சத்தம் வந்து நின்றது. டிரைவர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு பானெட்டின் இரண்டு பக்கமும் இருந்த ரப்பர் கொக்கிகளைச் சத்தமில்லாமல் விடுவித்தார். பழைய வண்டி, சாவியில்லாமலே திறக்கும். சாப்பாட்டுப் பையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். குடுவையில் ஊற்றினார், உள்ளே எட்டிப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கொக்கியை மாட்டினார். பாட்டிலில் மிச்சமிருந்த பாதித் தண்ணீரோடு டிப்போவுக்குப் போனார்.

வண்டி எடுக்கிறவன் முதலில் தண்ணீர் பார்க்க வேண்டும். அது டிரைவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். அடியில் ஈரமுள்ள வண்டியைப் பார்க்காமல் அவரால் கடந்து போக முடியாது. வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே அவள் சொன்னாள். பானெட்டைத் திறக்கக் கூடாது என்று சொல்லவில்லையே.



விடிந்ததும் இஞ்சினை ஓடவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள். கடைக்கு வருகிறவர்கள் முகம் பார்க்கிற கைப்பிடிக் கண்ணாடியை அவர் கொண்டுவந்தார். "இத்தனை நாள் மனுஷங்க மூக்கைக் காட்டுச்சு, இனி யானையோட தும்பிக்கையைக் காட்டட்டும்" என்று அதை இஞ்சின் விசிறிக்குக் கீழே நீட்டினார். அவள் டார்ச் அடித்தாள். கண்ணாடியில் வாட்டர் பம்ப்பின் அடிவயிறு தெரிந்தது. அங்கே கடுகளவு துளை. துளையைச் சுற்றிப் பச்சைப் பொருக்கு. ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. இஞ்சினை அணைத்துவிட்டு, பம்ப்போடு சேர்ந்த விசிறியைப் பிடித்து ஆட்டினாள். ஆடும் பல்லைப் போல லேசாக ஆடியது.

"ஓட்டையா விழுந்திருக்கு?" என்றார் கணவர்.

"இல்லைங்க. செஞ்சவங்களே வெச்ச துளை. உள்ளே தண்ணியைத் தடுக்கிற சீல் தேய ஆரம்பிச்சா இது வழியா சொட்டும். நமக்குத் தெரியட்டும்னுதான் வெச்சிருக்காங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. இரும்பைச் செய்தவனுக்குக்கூட, கெட்டதைச் சொல்ல ஒரு வழி வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அவளோ வண்டி தெரிந்த ஒரு மனிதரின் வாயை அடைத்து வைத்திருந்தாள். அவர் பேசியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அவர் தண்ணீர் ஊற்றாமல் இருந்திருந்தால், போன வாரமே மலையில் இஞ்சின் வெந்திருக்கும். மனிதர் பாதி செய்கிறார், மீதியைக் கடவுள் ஒப்பேற்றிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை புது பம்ப்பும், அதற்கு அடியில் ஒட்டும் காஸ்கெட் அட்டையும் வாங்கிவந்து, சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பழைய கூலன்ட்டை ஒரு பிளாஸ்டிக் பேசினில் வடித்தாள். பெல்ட், விசிறி எல்லாம் வரிசையாகக் கழன்று வந்தன. பம்ப்பின் கடைசி போல்ட் மட்டும் அசைய மறுத்தது. துரு. ஸ்பேனரில் முழு பலத்தையும் போட்டாள்.

டிரைவருக்கு அன்று வார ஓய்வு. அவர் தன் வீட்டு வாசலில் வேலையில்லாமல் நின்றார். இரண்டு முறை உள்ளே போய்ப் பார்த்தார், கால் நிற்கவில்லை. கடைசியில் குட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குட்டி, நான் உங்கம்மா வண்டியைப் பத்தி ஒண்ணும் பேசல. பொதுவா உலகத்துல இருக்கிற போல்ட்டைப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க மாமா."

"துருப்பிடிச்ச போல்ட்டைக் கழட்டுற பக்கமே இழுத்தா தலை கையோட வந்துடும். முதல்ல இறுக்குற பக்கமா ஒரு நூல் திருப்பணும். பிடிப்பு விட்டதும் கழட்டணும்."

"அம்மா, பொதுவா போல்ட்டு…"

"கேட்டுச்சு" என்றாள் நர்ஸ். ஸ்பேனரை மாற்றிப் போட்டு, இறுக்குகிற பக்கமாக மெல்ல ஒரு நூல் திருப்பினாள். டக் என்று ஒரு சத்தம். பிறகு போல்ட் சாதுவாகக் கழன்று வந்தது.

அவள் அதைத் துணியில் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "குட்டி, மாமாகிட்ட சொல்லு. பொதுவா, மனசு நொந்திருக்கும்போது பேசுற பேச்சு எல்லாம் பேச்சு இல்லைன்னு. அன்னைக்கு நான் பேசினது தப்புன்னு சொல்லு."

"அதுவும் பொதுவாவா?" என்றாள் குட்டி.

"இல்ல. அது குறிப்பா."

டிரைவர் மூக்கை உறிஞ்சினார். "குட்டி, மாமாவுக்கு அதெல்லாம் எப்பவோ மறந்துபோச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. டிரைவர் வேலைல ஹாரன் சத்தத்தையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டா வண்டி ஓட்ட முடியாது."

அதற்குப் பிறகு குட்டி தேவைப்படவில்லை. பழைய காஸ்கெட்டைச் சுரண்ட அவர் ஒரு பிளேடு கொடுத்தார். போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி அவள் இறுக்கினாள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார் அவர், அவளும் அழுத்திப் பார்த்தாள், இருவருக்கும் திருப்தி. கடைசியில் பச்சைக் கூலன்ட்டை ஊற்றும்போது மட்டும் டிரைவர் கேட்டார்:

"வெறும் தண்ணி போதாதா தங்கச்சி? எங்க பஸ்ஸெல்லாம் அந்தக் காலத்துல ஆத்துத் தண்ணியைக் குடிச்சே ஓடுச்சு."

"எப்பவும் வெறும் தண்ணியே ஊத்தினா உள்ளே துருப்பிடிக்கும் அண்ணா."

அவர் முகம் வாடியது. கண் சட்டென்று வானத்தில் எதையோ தேடியது. அவள் கேன் மூடியைத் திருகிக்கொண்டே, "அவசரத்துக்கு ஊத்தலாம். அவசரத்துக்கு ஊத்துற தண்ணிதான் இஞ்சினைக் காப்பாத்தும்" என்றாள்.

அவர் வானத்திலிருந்து இறங்கி வந்தார். ஊற்றியது யார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வலது கை கொடுத்ததை இடது கைக்குக்கூடச் சொல்லாமல் இருக்கிற மனிதரைப் பிடித்துவந்து வெளிச்சத்தில் நிறுத்த அவளுக்கு மனமில்லை.

திங்கட்கிழமை காலை பானெட்டின்மேல் ஒரு நிமிஷம் கையை வைத்து, கண்ணை மூடி, வழக்கமான பிரார்த்தனையைச் சொல்லிவிட்டு ஏறினாள். வெப்பம் காட்டும் முள், கடைசி ஏற்றத்திலும் பாதியைத் தாண்டவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் அழுத அழுகையில், கதவுக்கு வெளியே நின்ற அதன் அப்பனும் சேர்ந்து அழுதான். செவ்வாய் காலை யானை ஒரு சொட்டும் சிந்தாமல் இறங்கி வந்தது.

அன்று பிற்பகல் தெரு ஆளரவமற்றிருந்தது. கணவர் கடையில், குட்டி பள்ளியில். பக்கத்து வீட்டில் டிரைவர் டிப்போவிலிருந்து திரும்பி அயர்ந்து தூங்கினார்; அவர் குறட்டை ஜன்னல் வழியாக வந்தது. சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே சாய்ந்திருந்தது.

நர்ஸ் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பழைய பிரஷ்ஷால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் கறுப்பு அழுக்கைத் தேய்த்து எடுத்தாள். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே, கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டாள்; சிரிஞ்சால்தான். தேய்ந்துபோன பிரேக் கட்டைகளை மாற்றினாள். அதிகாலை இருட்டில் போகிறவர் என்பதால் பின்சக்கர மட்கார்டில் இருந்த சிவப்புப் பிரதிபலிப்பானைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கினாள். கடைசியாக, அவர் கால்சட்டையில் கறை படாதிருக்க, சங்கிலியில் மிஞ்சிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தாள். சைக்கிளை முன்பு இருந்த அதே சாய்வில் சாய்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் விடியலில் அவளுக்கு விழிப்பு வந்தது. காது கொடுத்துப் படுத்திருந்தாள். தெருவில் கிரீச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து, வாசலில் ரப்பர் கொக்கி மாட்டப்படும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி தூங்கினாள்.