யோசேப்பின் பாரிஸ் கோட்டு

திருக்கோணமலைத் துறைமுகப் பகுதி வாழ் பொதுமக்கள் அனைவருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், டச்சுக்குடாவுக்குப் பின்புறத்து ஒழுங்கையில் உள்ள யோசேப் வீட்டுத் தேக்கு அலுமாரி, சனிக்கிழமை முற்பகல், குடும்பத்துப் பெரியவர்கள் முன்னிலையில், உரிய மரியாதைகளுடன் திறந்துவைக்கப்பட்டது. நாடா வெட்டாதது ஒன்றுதான் குறை.

திறந்துவைத்தவர் லெஸ்லி. செத்தவரின் தம்பி. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிக் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். இளைப்பாறியது உத்தியோகத்திலிருந்து மட்டுந்தான், தலைமையிலிருந்து அல்ல. பூட்டுத் திறப்பைக் கொடுத்தவள் செத்தவரின் மகள் மக்டலின். செத்தவரான யோசேப், பக்கத்து அறைக் கட்டிலில், வெள்ளைத் துணியால் மூடப்பட்டு, தன்னை என்ன உடுப்பில் அனுப்பப்போகிறார்கள் என்ற கவலை இல்லாமல் கிடந்தார். அந்தக் கவலையை உயிரோடு இருந்தபோதே மகளிடம் ஒப்படைத்துவிட்டார்.

"என்னை அந்தக் காக்கியில விடு மகள். கோட்டுப் போட்டு விட்டியெண்டா அங்க கொம்மாவுக்கே என்னை மட்டுக்கட்ட ஏலாது."

மக்டலின் ஓம் என்றிருந்தாள். அது போன மாதம். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதால் அவளும் சிரித்துக்கொண்டுதான் ஓம் என்றாள்.

காக்கி என்றது துறைமுக லோஞ்ச் ஓட்டிய காலத்துச் சீருடை. பெரிய கப்பல்கள் உட்துறைமுகத்துக்கு வரும்போது வழிகாட்டும் பைலற்றை ஏற்றிப்போய்க் கப்பலில் விடுகிற சின்னப் படகு. ஓய்வு பெற்ற பிறகும் யோசேப் அந்தக் காக்கியை விடவில்லை. கடைத்தெரு முகம்மது தம்பி தைத்தது. உடம்பு வற்ற வற்ற அவரிடமே கொடுத்துப் பிடித்துக்கொண்டார். எஞ்சினுக்கு முன்னால் முட்டுக்காலில் இருந்து இருந்து முழங்கால் வெளுத்துப்போன களிசானும், எத்தனை தரம் தோய்த்தாலும் டீசல் மணம் போகாத சேட்டும் அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில் நாலு ஆணியில் தொங்கின. அவருடைய உடுப்பு முழுவதும் அந்த நாலு ஆணிக்குள் அடங்கியது.

அலுமாரிக்குள் இருந்தது வேறு. அது மகன் பற்றிக் அனுப்பியது.

பற்றிக் யோசேப்பின் மூத்த பிள்ளை. பன்னிரண்டு வருஷத்துக்கு முதல் கப்பலேறி, கடைசியில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, அங்கேயே ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டவன். போவதற்கு முதல் நாள் வலை பின்னுகிற நூலை எடுத்துத் தகப்பனின் நெஞ்சு, தோள், கை நீளம் எல்லாம் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டான். தங்கச்சியின் இடுப்புக்கும் ஒரு முடிச்சு. அந்த நூல்களை ஒரு பிஸ்கற் டின்னில் வைத்திருப்பதாகவும், கடைக்குப் போகும்போதெல்லாம் கையோடு கொண்டுபோவதாகவும் எழுதுவான். வெள்ளைக்காரக் கடைக்காரர்கள் சிரிப்பார்களாம். ஆனால் பிழையே வராதாம்.

நூலில் பிழை வரவில்லை என்பது உண்மை. அவன் போகும்போது யோசேப் பீப்பா போல இருந்தார். மக்டலின் முருங்கைக்காய் போல இருந்தாள். இடையில் தகப்பன் முருங்கைக்காயானார். மகள் பீப்பாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். இந்தச் சங்கதி நூலுக்குத் தெரியாது. வருஷந்தோறும் கிறிஸ்மஸுக்கு யாராவது கப்பல்காரன் கையில் பார்சல் வரும். யோசேப்புக்கு இரண்டு பேர் புகத்தக்க சேட்டு. மக்டலினுக்கு அவளுடைய ஒரு கை மட்டும் புகத்தக்க கவுண். எல்லாவற்றின் உட்பக்கத்திலும் றெனே மொந்தால் என்ற பெரிய பாரிஸ் தையல்காரனின் பெயர், பொன் நூலில்.

அளவு மாறிப்போனதை எழுதவா என்று மக்டலின் ஒருமுறை கேட்டாள்.

"எழுதாத," என்றார் யோசேப். "அளவு வேணுமெண்டா வந்து எடுக்கட்டும்."

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு பார்சல் வரும்போதும் சேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இந்தச் சேட்டுக் காசில் அவன் ஒருக்கால் வந்து போயிருக்கலாம் என்பார். பிறகு மடித்து, பூச்சி உருண்டை போட்டு, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். திறப்பு மட்டும் அவருடைய இடுப்பிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை பற்றிக்கிடமிருந்து தந்தி வந்தது. லெஸ்லி அதை முற்றத்துத் தறப்பாள் பந்தலின் நடுவில் நின்று, முதலில் ஆங்கிலத்தில் வாசித்தார். ஆங்கிலம் தெரிந்தவர்கள் தலையாட்டினார்கள். தெரியாதவர்கள் அதைவிடக் கூடுதலாகத் தலையாட்டினார்கள். பிறகு பொருள் சொன்னார். பற்றிக்குக்கு வர ஏலாது. போன கிறிஸ்மஸுக்கு அனுப்பிய கோட்டை அப்பாவுக்குப் போடவேண்டும். படம் எடுத்து அனுப்பவேண்டும்.

மக்டலின் குசினி வாசலில் நின்று கேட்டாள். 'வர ஏலாது' என்பதை லெஸ்லி வாசித்த வேகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. கோட்டு என்ற இடத்தில்தான் அவர் நிறுத்தி மூச்செடுத்தார்.

காக்கியைப் பற்றி அவள் மெதுவாகச் சொன்னபோது, லெஸ்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணன் நோயில் பிசத்தியதை எல்லாம் கணக்கில் எடுக்கக்கூடாது என்றார். வந்திருக்கிற சனம் என்ன நினைக்கும், மறைமாவட்டமே என்ன நினைக்கும் என்றார். மறைமாவட்டம் யோசேப்பைப் பற்றி இதுவரை ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை.

பந்தலில் இதுவே கதையாயிற்று. குடும்பங்களுக்கு இப்படிப் பெரிய பெயர் போட்ட உடுப்புகள் தேவைதானா என்று கதிரைகளில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். துணி உழைக்கும் என்றது ஒரு கட்சி. போட்டால்தானே உழைக்கும் என்றது மற்றது. உடுப்பு என்பது துணி அல்ல, குடும்பத்தின் தராதரம் என்று லெஸ்லி தீர்ப்புச் சொன்னார். படம் எடுக்க வந்திருந்த ஸ்ரூடியோ ஜவாஹிர், கமெராக் காலை விரித்தபடி, தன் மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்த களிசானைப் பற்றிச் சொன்னார்.

"பேர் பின்பக்கத்திலதான் கிடக்கு. அதால மனிசன் இப்ப ஒருத்தருக்கும் பின்னால நடக்கிறேல்ல. பெஞ்சாதி பிள்ளையள விட்டுப்போட்டு எப்பவும் முன்னுக்குத்தான்."

சாவீடு என்பதை மறந்து சிலர் சிரித்தார்கள். பிறகு ஞாபகம் வந்து இருமினார்கள்.

உடுத்த வந்தவர் சவப்பெட்டிக் கடைச் சூசைப்பிள்ளை. பெண்பிள்ளை உள்ளே நிற்கக்கூடாது என்பதால் மக்டலின் கதவுச் சீலைக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாக நீட்டினாள். கால் மேஸ், சப்பாத்து, வெள்ளைச் சேட்டு, களிசான், கழுத்து ரை, கோட்டு. பிறகு சீலை விலகி, சூசைப்பிள்ளையின் முகம் மட்டும் வந்தது.

"பிள்ளை, இது ஆர்ர கோட்டு?"

"அப்பான்ரதான்."

"அப்பா இதுக்குள்ள இல்லை," என்றார் அவர். "பின்னால பிடிச்சு ஊசி குத்தினாலும் நெஞ்சு பள்ளமாத்தான் கிடக்கும். உள்ளுக்கு ஏதும் வச்சு நிரப்பவேணும். பழந்துணி இருந்தாத் தாங்கோ."

முற்றத்தில் லெஸ்லி, வெளிச்சம் போகப்போகிறது என்று ஜவாஹிருக்குச் சொல்வது கேட்டது. வெளிச்சம் போக நிறைய நேரம் இருந்தது.

மக்டலின் ஆணியடிக்குப் போனாள். காக்கிச் சேட்டையும் களிசானையும் எடுத்து வந்தாள்.

"இதைப் போட்டுவிடுங்கோ. இதுக்கு மேலால அதைப் போடுங்கோ."

சூசைப்பிள்ளை காக்கியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சரி என்று உள்ளே போனார்.

அவளுக்கு மனம் இலேசானது. சொன்ன சொல்லும் போகவில்லை. தமையன் கேட்ட படமும் போய்ச் சேரும். ஆனால் மொந்தாலின் கோட்டு இலேசில் நிரம்புகிற கோட்டு அல்ல. சீலை திரும்பவும் விலகியது. மற்றக் காக்கிச் சோடியையும் கொடுத்தாள். பெனியன்களைக் கொடுத்தாள். தோளில் போடுகிற துவாயைக் கொடுத்தாள். வீட்டில் இடுப்பில் கட்டுகிற இரண்டு சாரத்தைக் கொடுத்தாள். நெஞ்சு வந்துவிட்டது, வலது தோளும் வந்துவிட்டது என்று சூசைப்பிள்ளை உள்ளேயிருந்து கட்டடம் கட்டுகிறவர் போல அறிவித்துக்கொண்டிருந்தார்.

"இடது தோள்தான் இறங்கிக் கிடக்கு. இன்னுமொண்டு இருந்தாச் சரி."

ஆணியில் ஒரு சாரம் மட்டும் இருந்தது. முந்தாநாள் கட்டியிருந்தது. தோய்க்கவில்லை. மக்டலின் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை சுணக்கம்?" என்று லெஸ்லி வாசலில் வந்து கேட்டார். "செபம் சொல்லச் சுவாமியும் வந்திட்டார்."

அவள் சாரத்தைச் சீலைக்குள் நீட்டினாள்.

வெளியே கொண்டுவந்து பெட்டியில் வைத்தபோது சனம் எழும்பி நின்று பார்த்தது. யோசேப் பன்னிரண்டு வருஷம் இளமையாகிவிட்டிருந்தார். நெஞ்சு நிமிர்ந்து, தோள் அகன்று, துறைமுகத்தையே வாங்க வந்தவர் போலக் கிடந்தார். முகம் மட்டும் வேறு யாருடையதோ போலச் சின்னதாக இருந்தது.

"பாத்தியளே," என்றார் லெஸ்லி எல்லோருக்கும். "அளவெடுத்துத் தைச்ச மாதிரி. வெள்ளைக்காரன்ர தையல் எண்டா இதுதான்."

எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஜவாஹிர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அப்போது லெஸ்லிக்கு ஒரு யோசனை வந்தது. கோட்டின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் மடித்துவிட்டால் உள்ளே இருக்கிற பெயர் படத்தில் விழும்.

"பேர் தெரியாட்டி இதுவும் முகம்மது தம்பியின்ர கோட்டும் ஒண்டுதானே," என்று சொல்லிக்கொண்டே பொத்தானில் கையை வைத்தார்.

அந்தப் பொத்தானுக்குக் கீழே ஒரு சாரத்தின் நீலக் கரை இருந்தது.

"விடுங்கோ சித்தப்பா."

"ஒரு நிமிஷம் பிள்ளை."

"மூடியிருக்கட்டும். அப்பாவுக்குக் குளிரும்."

வைகாசி மாதத்து வெயில். தறப்பாளுக்குக் கீழே எல்லோருக்கும் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. லெஸ்லியின் பெண்சாதி எல்சி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். மற்றப் பெண்களும் தொடங்கினார்கள். லெஸ்லி கையை எடுத்தார். மக்டலின் செபமாலை சுற்றிய தகப்பனின் கைகளைப் பொத்தானுக்கு மேலே நகர்த்தி வைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது. படத்தில் ஓட்டை தெரியும் என்று ஜவாஹிர் சொன்னார். லெஸ்லி அங்கே வந்து நின்றார்.

சேமக்காலைக்குப் பெட்டியைக் கொண்டுபோகும் வழியில் துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அண்ணனுக்குத்தான் ஊதுகிறார்கள், பழைய ஆளை மறக்கவில்லை என்று லெஸ்லி பக்கத்தில் வந்தவரிடம் சொன்னார். அது சீனி இறக்கிவிட்டுப் போகிற கப்பல்.

திரும்பி வந்து, குளித்து, எல்சி கொண்டுவந்த சோற்றைத் தின்று, சனம் ஒவ்வொருவராய்க் கழன்றபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. யோசேப் படுத்த பாயையும் தலையணையையும் எல்சி காலையிலேயே கடற்கரைக்கு அனுப்பி எரிப்பித்துவிட்டிருந்தாள்; நிலத்துக்கு டெற்றோல் போட்டுக் கழுவியும் விட்டாள். எல்சி நல்லவள். இரவைக்கு வந்து படுக்கவா என்று கேட்டாள். தேவையில்லை என்றாள் மக்டலின். லெஸ்லி அண்ணனின் ஞாபகமாக இரண்டு சேட்டுகள் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, மூன்று எடுத்துக்கொண்டார். அவருக்கு அந்த நூல் அளவு சரியாக இருந்தது.

கேற்றைக் கொளுவிவிட்டு வந்து அவள் அலுமாரி இருந்த அறைக்குள் நின்றாள். சுவரில் நாலு ஆணி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே, துணி உரஞ்சி உரஞ்சிச் சுண்ணாம்பு மங்கிய அடையாளம் இருந்தது. அதில் மூக்கை வைத்துப் பார்த்தாள். சுண்ணாம்புதான் மணத்தது.

அலுமாரியை யாரும் பூட்டவில்லை. திறந்து, மேலே இருந்த சேட்டை எடுத்து முகத்தில் வைத்தாள். பூச்சி உருண்டை. அதற்கு அடுத்தது. அதற்கு அடியில் இருந்தது. ஒரு தரமாவது, ஒரு கோயில் திருநாளுக்காவது, அவளுக்குத் தெரியாமலாவது அவர் எடுத்துப் போட்டிருக்கக்கூடும் என்று கழுத்து, கமக்கட்டு, கை மடிப்பு என்று ஒவ்வொன்றாக விரித்து மணந்துகொண்டே போனாள். அடித்தட்டு வரைக்கும் போனாள். அவளைச் சுற்றிச் சேட்டுகள் குவிந்து கிடந்தன.

எல்லாம் புதுசு.