மொரீசியசுக்குப் போகும் வழி

மொரீசியசிலிருந்து வந்திருந்த குவாலிட்டி இன்ஸ்பெக்டரின் பெயர் வீராசாமி என்று காதில் விழுந்ததும், பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிள் முன் நின்றிருந்த அனிதா, "சாப்டீங்களா சார்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள். அவர் கையிலிருந்த பனியனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஒன்றும் புரியவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அவரைக் கூட்டி வந்த, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ரிஃபானாதான் சொன்னாள்.

"இவங்க தாத்தாவுக்குத் தாத்தாவே கரும்பு வெட்டப் போனவங்களாம்க்கா. தமிழு வராது."

அந்த நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அனிதாவுக்கு ஒரு தேவை இருந்தது. அவள் கணவன் சிவராஜ், இதே கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் டெய்லர், அங்குள்ள ஒரு கம்பெனி வேலைக்குத் தேர்வாகியிருந்தான். மூன்று வருட ஒப்பந்தம். வாரக் கடைசிக்குள் ஏஜெண்டிடம் பதில் சொல்ல வேண்டும். பல்லடம் ரோட்டு வாடகை வீட்டில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கடலைத் தாண்டி ஓர் ஊரைப் பார்த்துவிட வேண்டுமென்று அவனுக்கு ஆசை. அதைச் சொன்னபோது அவன் முகத்திலிருந்த மலர்ச்சியைக் கெடுக்க அவளுக்கு மனமில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. தெரியாத ஊருக்கு ஓர் ஆளை எப்படி அனுப்புவது?

மதியம் கேண்டீனில் வீராசாமியும் ரிஃபானாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அங்கெ சோறு கெடைக்குமான்னு கேளுங்க கண்ணு."

ரிஃபானா இங்கிலீஷில் கேட்டாள். வீராசாமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினார். சோறும் பருப்பும்தான் அங்கேயும். சுற்றிலும் கடல், எந்த மூலைக்கும் பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம். ஆடி ஆவணியில் குளிர். வீட்டில் கிரியோல் பேசுவார்கள், பேப்பரை பிரெஞ்சில் படிப்பார்கள், ஆபீஸில் இங்கிலீஷ். கோயிலும் மசூதியும் சர்ச்சும் ஒரே தெருவில் இருக்கும்.

"தைப்பூசத்துக்கு நாடே லீவாம்க்கா. இவரும் காவடி எடுப்பாராம்."

அவர் பர்ஸிலிருந்து தங்கள் ஊர் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். ஓரிடத்தில் தமிழ் எழுத்து. படிக்கச் சொல்கிறார் என்று புரிந்து, "நூறு ரூபாய்" என்று படித்தாள். அவர் மெதுவாக, குழந்தை சொல்வதுபோல் அதைத் திருப்பிச் சொன்னார். இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அனிதா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"பொம்பளைங்கள டெய்லரா எடுப்பாங்களான்னு கேளுங்க."

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான். கண்ணாலத்துக்கு முந்தி நானும் ஓவர்லாக்தான் ஓட்டுனேன்."

ரிஃபானா அவளைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். பதில் நீளமாக வந்தது.

"எடுப்பாங்களாம். புருசன் பொஞ்சாதியா வந்தவங்களும் இருக்காங்களாம். ஆனா ஹாஸ்டல் தனித்தனி. ஞாயித்துக்கெழமதான் பாத்துக்க முடியுமாம்."

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சிவராஜிடம் சொன்னாள். "ஏனுங்க, நானும் வர்றேனுங்க." ஹாஸ்டல் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னாள்.

தன்னை நிறுத்துவாள் என்றுதான் இத்தனை நாளும் அவன் பயந்திருந்தான்.

"உனக்கும் பாஸ்போர்ட் எடுக்கோணுமே," என்றான்.

"எடுக்கோணுமுங்க."

பஸ் வந்தது. அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றான். வீரபாண்டி தாண்டும்போது தூறல் பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஷட்டரை இறக்கினார்கள். அவள் மட்டும் பாதி இறக்கி விட்டுவிட்டாள். சிவராஜ் குனிந்து, அந்த இடைவெளி வழியே, நனைந்துகொண்டு பின்னால் போகும் ஊரைப் பார்த்தான்.