பிளேன் போகட்டும்

வடக்கே பிழைக்க வந்து குடியேறிய திலக் நகரில் எங்கள் சந்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கூரைக்கு மேல் விமானம் வந்தால், பேசிக்கொண்டிருப்பவர் கையை உயர்த்துவார். எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். சண்டையானாலும் ஜெபமானாலும் இதே மரியாதைதான். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் தலைமேலா பறக்கிறது?

பக்கத்து வீட்டு சிங்கராயர் அண்ணன் மட்டும் ஒருமுறை விமானச் சத்தம் பற்றிப் போலீசுக்கு மனுப் போட்டுப் பார்த்தார். தெருவில் எழும் சத்தத்துக்கு ஒரு சட்டம், விமானத்துக்கு வேறு சட்டம், அது எங்கள் அதிகாரத்தில் வராது என்று பதில் வந்தது.

அவர் மகன் பிரைட்டன் மனுவை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. கைக்குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது என்று விமானச் சத்தம் இல்லாத வாஷிக்குக் குடிபோய்விட்டான்.

"சத்தத்துக்குப் பயந்து பெத்தவங்கள விட்டுட்டுப் போறவன் எம்மவனே இல்ல" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் கிடந்து நொந்தது அவர் மனைவி செல்வமேரி மதினிதான்.

அண்ணன் படுக்கையில் விழுந்து, டாக்டரும் கைவிரித்த பிறகு, மதினி மகனுக்குப் போன் போட்டாள். மத்தியானம் அவன் வந்து கட்டிலருகே நின்றான். நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"பிரைட்டா... நான் ஒன்னய..."

விமானம் வந்தது. அண்ணன் கையை உயர்த்தினார். அத்தனை வருடப் பழக்கம், சாகக் கிடந்தாலும் போகுமா? நாங்களும் காத்திருந்தோம். பாவிகள், அவர் வாயருகே காதைக் கொண்டுபோக ஒருவருக்கும் தோன்றவில்லை. சத்தம் அடங்கியபோது அந்தக் கை மெத்தையில் விழுந்து கிடந்தது. அண்ணன் போய்விட்டார்.

"அப்பா என்ன சொல்ல வந்தாவ? மன்னிச்சிட்டேன்னுதான? அத்த, ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

பிரைட்டன் என்னைக் கேட்டான், எல்லோரையும் கேட்டான். 

முப்பதாம் நாள் ஜெபத்துக்குச் சந்தில் மைக்கும் ஸ்பீக்கர் பெட்டியும் வைத்தோம். பாதி ஜெபத்தில் ஒரு போலீஸ்காரர் சத்தம் அளக்கும் கருவியோடு வந்து நின்றார். புதிதாக எழும்பிய அடுக்குமாடி டவரிலிருந்து யாரோ புகார் கொடுத்தார்களாம். அவர் கருவியை நீட்டவும் தலைக்கு மேல் விமானம் வரவும் சரியாக இருந்தது. அதில் எண்கள் கிடுகிடுவென்று ஏறின.

"சாப், இஸ்கோ லிக்கோ" என்று, இதை எழுதுங்கள் என மேலே காட்டினான் பிரைட்டன்.

அது கணக்கில் வராது என்று போலீஸ்காரர் தலையாட்டினார். பிறகு, நிறுத்துங்கள், அது போகட்டும் என்று கையை உயர்த்தினார். "ருக்கோ, பிளேன் ஜானே தோ."

சந்தே வாயை மூடிக்கொண்டது. பிரைட்டன் அந்தக் கையையே பார்த்தான். திடீரென்று அண்ணாந்து எதையோ கத்தினான். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. பெற்றவளுக்கும் கேட்கவில்லை.

விமானம் போனது. மைக் முன்னால் உட்கார்ந்திருந்த மதினி வெடித்து அழுதாள். அழுகை பெட்டியில் பெரிதாக வந்தது.

போலீஸ்காரர் அதை அளந்து எழுதிக்கொண்டார்.