மெய்சூ ஏறாத மினிபஸ்

கீலூங் துறைமுகத்துக்கு மேலே, குன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வார்டுக்கு லியாவ் மெய்சூதான் தலைவி. கோயில் கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியின் மைக் அவள் வசம். தடுப்பூசி, தண்ணீர் நிறுத்தம், காணாமல் போன பூனை, எதுவானாலும் விடிந்ததும் அலறிவிடுவாள். ஜனங்கள் திட்டிக்கொண்டே கேட்பார்கள்.

அவள் நகராட்சியோடு மல்லுக்கட்டி வாங்கிய மினிபஸ்ஸுக்கு இப்போது ஆபத்து. சோதனை ஓட்டம் என்றுதான் விட்டிருந்தார்கள். ஆள் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவார்களாம். கணக்கெடுக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து கோ என்ற பெண் ஆராய்ச்சியாளர் ஒருத்தி வருகிறாளாம். பஸ் நின்றால், முழங்கால் போனவர்களெல்லாம் அத்தனை படி இறங்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே முடங்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை மைக்கைப் பிடித்தாள்.

“எல்லாரும் கேளுங்க! இன்னிலேருந்து ஒருத்தரும் வீட்ல உக்காரக் கூடாது. பஸ்ல ஏறுங்க. வேலை இல்லேன்னா சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. கணக்கெடுக்கிற பொண்ணுகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. இது ரகசியம்!”

ரகசியம் துறைமுகம் வரை எதிரொலித்தது.

சும்மா சொல்லக் கூடாது, ஜனம் திரண்டுவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஆஹாய் தாத்தா, பின் சீட்டில் சதுரங்கப் பலகையை விரித்து உட்கார்ந்துவிட்டார். மீன் உருண்டைக் கடை சியோயூ இரண்டு கூடைகளோடு ஏறினாள். அந்த வாரமே நேரில் பார்க்க வந்த துணை மேயர் ஷென்னுக்குக் கால் வைக்கவும் இடமில்லை. அவர் குடை மட்டும் கதவில் மாட்டிக்கொண்டு ஒரு நிறுத்தம் போய்வந்தது. மனிதர் மழையில் நனைந்தபடி பூரித்துப்போனார்.

மூன்று மாதம் கழித்துக் கோயில் முற்றத்தில் கூட்டம். ஷென் திரையில் படம் காட்டினார். பளபளவென்று ஒரு பெரிய பஸ்!

“உங்க ஆர்வத்துக்கு நகராட்சியோட பரிசு! இனிமே யாரும் நின்னுக்கிட்டுப் போக வேணாம்.”

கைதட்டல் காதைப் பிளந்தது. மெய்சூதான் அதிகமாகத் தட்டினாள்.

“ஒரே ஒரு சின்ன விஷயம். பெரிய பஸ் இந்த வளைவுல திரும்பாது. அதனால கீழ மெயின் ரோட்டோட நின்னுடும்.”

கைதட்டல் அப்படியே அடங்கிப்போனது. தன் கையாலேயே பஸ்ஸைக் குன்றிலிருந்து இறக்கிவிட்டோமே, இந்த மானக்கேட்டை எங்கே போய்ச் சொல்வது! மெய்சூ எழுந்துபோய் மைக்கை வாங்கினாள். முதல் தடவையாக அவள் குரல் மெதுவாக வந்தது.

“சார், பஸ்ல ஏறுன அந்தக் கூட்டம் பொய் சார். நான்தான் எல்லாரையும் விரட்டி ஏத்திவிட்டேன்.”

ஷென்னின் முகம் சுருங்கியது. “அப்ப நிஜமா ஏறுறவங்க யாருமே இல்லையா? அப்படின்னா சின்ன பஸ்ஸும் எதுக்கு?”

இதை அவள் யோசிக்கவில்லை.

“யாரும்மா பொய்?” என்று ஆஹாய் தாத்தா எகிறினார். “முதல் வாரம் உன் தொல்லை தாங்காமத்தான் ஏறினேன், சரி. கீழ போய்ப் பாத்தா, என்கூட வேலை பாத்த கடன்காரன் ஒருத்தன் இன்னும் உயிரோட இருக்கான்! தினம் அவன்கிட்ட ஆட்டத்துல தோத்துட்டு வரேன். ஜெயிக்காம விட்டுடுவேனா?”

“தாத்தா சொல்றது சரிதான்” என்றாள் சியோயூ. “இப்பல்லாம் சந்தைக்கு நானே போய் மீனை மோந்து பாத்து வாங்கறேன். முன்னாடி மீன்காரன் தந்ததுதான் மீனு.”

ஆராய்ச்சியாளர் கோ சிரித்துக்கொண்டே எழுந்தாள். “தலைவி, அன்னிக்கு நான் கீழ நூடுல்ஸ் கடைல இருந்தேன். உங்க ரகசியம் எனக்கும் நல்லாவே கேட்டுச்சு. அந்த மாசத்தை நான் கணக்குலயே சேக்கல. அப்புறம் தானா ஏறுனவங்களை மட்டும்தான் எண்ணினேன். மினிபஸ்ஸே போதும், காலைல இன்னொரு நடை விட்டாச் சரி. அதைத்தான் எழுதிக் குடுத்தேன். சார்தான் கூட்டத்தோட படம் இருக்கிற பக்கத்தோட படிக்கிறதை நிறுத்திட்டாரு போல.”

ஷென் இருமினார். “படிச்சேன், படிச்சேன். கடைசி முடிவு இன்னும் எடுக்கலையே” என்று திரையை அவசரமாக அணைத்தார். “மினிபஸ்ஸே ஓடட்டும். இன்னொரு நடையும் விடறோம்.”

மெய்சூவுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைப்பதற்குள் ஆஹாய் தாத்தா மறுபடி வாயைத் திறந்தார்.

“எல்லாம் சரி. இந்த மலையில ஒரே ஒரு ஆள்தான் இதுவரைக்கும் அந்த பஸ்ல ஏறவே இல்ல.”

எல்லார் கண்ணும் கோயில் வாசலில் நின்ற மெய்சூவின் ஸ்கூட்டர் மேல் போனது.

“எனக்கு ஆயிரம் வேலை தாத்தா!”

“எங்களுக்கு மட்டும் வேலை இல்லையா?” என்றாள் சியோயூ.

மினிபஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வளைவேறி வந்து நின்றது. தலைவியை ஆளாளுக்குத் தள்ளி ஏற்றினார்கள். அவள் மழைக்கோட்டின் எல்லாப் பைகளையும் துழாவினாள். பஸ் அட்டை இருந்தால்தானே! கோ தன் அட்டையை அவளுக்காகக் கட்டணக் கருவியில் தட்டினாள்.

“அட்டை கூட வாங்கலையா தலைவி?”

மெய்சூ வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். ஆஹாய் தாத்தா சதுரங்கப் பலகையை மடியில் எடுத்து வைத்து, சன்னலோர இடத்தைக் காட்டினார்.

“உக்காரும்மா. வேலை இல்லேன்னாலும் சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வா.”