இருபத்து மூன்றாம் அத்தியாயம்

பழனியப்பன் தொலைபேசி வயரைப் பிடுங்கி மோடத்தில் செருகியபோது, கூடத்தில் அக்கா சந்திரகலாவின் உடலுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மோடம் கிறீச்சிட்ட சத்தத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நொடி நிறுத்தி அறைப்பக்கம் பார்த்தார்கள்.

பத்து நிமிடத்தில் சின்னம்மா இராஜம்மா வந்துவிட்டார். "இன்னிக்குமாடா கம்ப்யூட்டரு? லைன் கிடைக்கலன்னு பூச்சோங் மாமா பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணித் திட்டுறாரு."

"கொஞ்ச நேரம் சின்னம்மா. அக்கா சொன்ன வேலை லா."

அக்கா சொல்லி மூன்று வாரமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஒரு டிஸ்கெட்டைக் கையில் திணித்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள குரூப்புக்கு அனுப்பிடு. காத்துக்கிட்டு இருப்பாங்க."

வாடகை வீடியோ கேசட்டில் வந்த ஒரு தொடரில் காமாட்சி என்று ஒருத்தி. அறுபதாவது வாரம் லோரி மோதிச் செத்துப்போனாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. காமாட்சியைப் பிழைக்க வைத்து, கப்பலேற்றி, தங்கள் ஊரான கிள்ளானுக்குக் கூட்டிவந்து, பண்டமாரானில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலையும் வாங்கிக்கொடுத்துவிட்டாள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி வாரம் ஓர் அத்தியாயம். மின்னஞ்சல் குழுவில் முப்பது பேர் படித்தார்கள். ஒருவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை.

"அந்தத் தொடர எழுதினவரு பாத்தா கேஸ் போடுவாரு," என்று ஒருமுறை சீண்டினான்.

"அவருக்குக் கதை முடிஞ்சிருச்சு. பாத்த எனக்கு முடியலையே," என்றாள்.

அவன் அதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. துறைமுகத்தில் ஓவர்டைம் வேறு. இருபத்து மூன்றாம் அத்தியாயம் இருந்த டிஸ்கெட் மோட்டார்சைக்கிள் பெட்டியிலேயே கிடந்தது. சனிக்கிழமை கட்டிலருகே போய் நின்றதுமே அக்கா கேட்டாள்.

"நாகையா என்ன சொன்னாரு?"

நாகையா அந்தக் குழுவில் இருக்கும் டொரண்டோக்காரர். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். "நல்லா இருக்குன்னு எழுதியிருக்காருக்கா."

அக்கா அவனையே பார்த்தாள். "அந்த மனுசன் அப்படிச் சொல்லவே மாட்டாரே. ஏதாச்சும் நொட்டை சொல்லியிருப்பாரே."

மாட்டிக்கொண்டான். "காமாட்சி ரொம்ப அழுவுறாளாம்."

"அதானே பாத்தேன்!" ஊசி குத்திய கையோடு சிரித்தாள்.

அன்றிலிருந்து தினம் ஒரு நொட்டை கொண்டுபோனான். ஹைவேயில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் நாகையாவாக இருந்து யோசித்தான். டிஸ்கெட்டை மட்டும் அனுப்பவில்லை. அனுப்பினால் உண்மையான கடிதங்கள் வந்துவிடும். அக்கா வீடு திரும்பிப் படித்தால் தன் பொய் உடைந்துவிடும் என்று பயந்தான். வீடு திரும்புவாள் என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. இன்று விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

இப்போது, 'அக்கா இன்று காலை' என்று தட்டிவிட்டு அழித்தான். இந்த ஒரு அத்தியாயத்தையாவது அவள் உயிரோடு இருப்பதாக நினைத்து அவர்கள் படிக்கட்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அத்தியாயத்தை மட்டும் அனுப்பினான்.

அனுப்பிய பிறகும் வயரைக் கழற்ற மனம் வரவில்லை. மூன்று வாரமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த பதிலை அவள் வீட்டில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். சின்னம்மா இரண்டு தடவை கதவைத் தட்டினார். முக்கால் மணி நேரம் கழித்துக் கடிதம் வந்தது. ஒரு தடவை படித்தான். இன்னொரு தடவை படித்தான். வயரைக் கழற்றித் தொலைபேசியில் மாட்டினான். மாட்டியதுமே மணி அடித்தது.

"பழனி, வாய்க்கரிசி போட வாப்பா," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அரிசியைப் போட்டான். எல்லோரும் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவன் நகரவில்லை, குனிந்து அக்காவின் காதருகே போனான்.

"இது நெசமாவே நாகையா எழுதினதுக்கா. அத்தியாயம் முழுக்க மழையா இருக்காம். கிள்ளான்ல வெயிலே அடிக்காதான்னு கேக்குறாரு. அடுத்ததுல வெயில் வேணுமாம்."

சின்னம்மா அவன் தோளைத் தொட்டார். எழுந்து வெளியே வந்தான். வாசலில் வெயில் கொளுத்தியது. கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலிகளை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.