ஊதா நிழல்

அந்தக் கோடை முழுவதும் என் மனைவி ஒர்டான்ஸ், காலை எட்டு மணி வெயிலில் மட்டும் தோட்டத்து டாலியாப் பூக்களை வரைந்தாள். நிழலுக்கு ஊதா பூசியிருந்தாள்.

"நிழல் எங்கடி ஊதாவா இருக்கு?" என்றேன்.

"வெளிய வந்து பாருங்க. முப்பது வருஷமா ஜன்னலைச் சாத்திட்டு வரைஞ்சா எப்படித் தெரியும்?"

நான் போகவில்லை.

வெயில் தெரியவேண்டும் என்று அவள் பளபளப்பில்லாமல் விட்டிருந்த படம், எனக்கு முடிக்காத வேலையாகப் பட்டது. அவள் ரூவான் நகரத்துக்கு அக்காவைப் பார்க்கப் போனபோது, உதவி செய்வதாக நினைத்து, என் படங்களுக்குப் பூசும் பழுப்பு வார்னிஷை அதற்கும் இரண்டு முறை பூசினேன். பூக்கள் மினுங்கின. வெயில் போய்விட்டது. ஊதா நிழல் காப்பிக் கறையானது.

திரும்பி வந்தவள் வெகுநேரம் பார்த்தாள். "இப்ப உங்க படம் மாதிரியே இருக்கு," என்றாள். அப்புறம் தூரிகையைத் தொடவேயில்லை.

ஏழு வருடம் கழித்து, இன்று காலை எட்டு மணிக்குத் தோட்டத்தில் நின்றேன். டாலியாவின் நிழல் ஊதாவாகத்தான் இருந்தது. ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்து காட்டினேன்.

"அப்படியா," என்றாள். "கொஞ்சம் தள்ளுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள அவரைக்காய் பறிக்கணும்."