ஓர் ஆள் அகலப் பாதை

அலாஸ்காவில் அந்த வருடம் பனி இடுப்புக்கு மேல் விழுந்திருந்தது. பின்வாசல் படியிலிருந்து பறவைத் தீனிக் கம்பம் வரை வெஸ் வெட்டியிருந்த பாதை ஓர் ஆள் அகலம்தான். நடுவழியில் அதிலிருந்து ஒரு கிளை தெருப்பக்கம் போனது. கம்பத்தோடு பாதை முடிந்துவிடும்.

"எதிர்ல ஒரு ஆள் வந்தா என்ன பண்றது?" என்று அவர் மனைவி ஆர்லீன் கேட்டிருந்தாள்.

"ஒருத்தர் நின்னு வழி விடணும். முட்டிக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன் நெடுஞ்சாலையா போடுவான்?"

மதிய வெயிலில் பனியைப் பார்க்கக் கண் கூசியது. விறகடுப்பின் கதகதப்பில், காபிக் கோப்பையோடு, சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் ஆர்லீன். கறுப்புத் தொப்பி போட்டதுபோன்ற சின்னக் குருவிகள் ஒவ்வொன்றாய் வந்து, ஒரு சூரியகாந்தி விதையைக் கவ்விக்கொண்டு பறந்தன. கம்பத்தடியில் வெஸ் இரும்பு டப்பாவிலிருந்து தீனித் தட்டில் விதை நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் முதுகு வீட்டைப் பார்த்திருந்தது.

திடீரென்று குருவிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின.

தெருப்பக்கக் கிளை வழியாக ஒரு மூஸ் மான் உள்ளே வந்துகொண்டிருந்தது. பெண் மான், குதிரையைவிட உயரம், விலா எலும்புகள் தெரிந்தன. ஆழமான பனியில் நடந்து நடந்து களைத்த மூஸ்கள் இப்படித்தான் மனிதர்கள் வெட்டிய பாதையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் எளிதில் விடாது. நடுவழிக்கு வந்ததும் அது கம்பத்தின் பக்கம் திரும்பியது. வெஸ்ஸைப் பார்த்து நின்றது. காதுகள் பின்னால் மடங்கின. பிடரி மயிர் சிலிர்த்தது.

ஆர்லீன் வாணலியை எடுத்தாள், தட்டி விரட்ட. கை பாதியில் நின்றது. சத்தம் கேட்டால் அது முன்னால்தான் ஓடும். முன்னால் வெஸ்தான் இருந்தார். கைப்பேசியில் கூப்பிடலாம் என்றால், அவர் சட்டைப்பையில் மணி அலறும்.

பின்கதவை மெல்லத் திறந்தாள். உள்ளிருந்த சூடு வெண்புகையாக வெளியே போனது.

"வெஸ்." குரலை உயர்த்தவில்லை. "கையை ஆட்டாத. பின்னாடி மூஸ் நிக்குது."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. கடைசில அது பக்கத்து வீட்டு லைலோட நாய்."

"நாய் இல்ல, கிழவா. நெஜமா."

மூஸ் மூக்கால் ஒரு முறை சீறியது. வெஸ்ஸின் தோள்கள் இறுகின.

"எவ்வளவு தூரம்?"

"கிட்டதான். வலது பக்கம் பிர்ச் மரம் இருக்கு பாரு. அதுக்குப் பின்னால போயிடு."

"இடுப்பளவு பனி, ஆர்லீன். முட்டி மடங்காது."

"நடக்காத. படுத்து உருளு."

அவர் விதை டப்பாவைப் போட்டுவிட்டுப் பனிச்சுவரின் மேல் சாய்ந்தார். முதல் தடவை சறுக்கினார். இரண்டாவது தடவை உடம்பு மேலே ஏறியது. அதே நொடியில் மூஸ் பாய்ந்தது. கம்பம் முறியும் சத்தம் கேட்டது. பனி தூள் தூளாகக் கிளம்பி எல்லாவற்றையும் மறைத்தது.

தூள் அடங்கியபோது, கம்பம் இருந்த இடத்தில் மூஸ் நின்றிருந்தது. வெஸ் கண்ணுக்குத் தெரியவில்லை.

"வெஸ்?"

மூஸ் தலையைத் தாழ்த்தியது. எதை முகர்கிறது என்று ஆர்லீனுக்குத் தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போயின. கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம்.

"வெஸ், ஏதாவது சொல்லு."

"கத்தாத." மரத்துக்குப் பின்னாலிருந்து, பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "அது விதை தின்னுது. தின்னட்டும்."

மூஸ் அவசரப்படவில்லை. சிந்திய விதைகளைப் பனியோடு சேர்த்து நக்கியது. பிர்ச் மரத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு கட்டில் போடும் இடம்கூட இல்லை. உறைபனியில் மனிதர் அசையாமல் எவ்வளவு நேரம் கிடக்க முடியும்? ஆர்லீன் அதை யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

கடைசியில் அது பனிச்சுவரை மார்பால் இடித்துத் திரும்பியது. நேராக வீட்டை நோக்கி நடந்து வந்தது. அவள் கதவைச் சாத்தினாள். படிக்குக் கீழே கனமான மூச்சு கேட்டது. கதவுக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. பிறகு குளம்பொலி பின்வாங்கி, கிளை வழியாகத் தெருவுக்குப் போனது.

ஆர்லீன் ஓடினாள். வெஸ் மல்லாந்து கிடந்தார்; இமைகளில் பனி ஒட்டியிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது.

"அடிபட்டுச்சா?"

"தோள்ல கம்பம் விழுந்துச்சு. எலும்பு உடையல." அவர் பார்வை கீழே இறங்கியது. "ஷூ எங்கடி?"

அப்போதுதான் அவள் தன் கால்களைப் பார்த்தாள். நனைந்த காலுறைகள் மட்டுமே இருந்தன.